புரியாத கோடும் ஒரு லோடு மாங்காயும்

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பென்னாகரம் பக்கத்து கிராமம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி, பிறகு பொறியியல். ஓசூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து மூன்று வாரம். வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் பில், டெஸ்பாட்ச் சாஃப்ட்வேர் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. ஜாவா மொழியில் ஒன்றரை லட்சம் வரி கோடு (code). எழுதினவர் வேலையை விட்டுப் பெங்களூரு போய்விட்டார். டாக்குமெண்ட் கிடையாது. காலையிலிருந்து கோடு படிக்கிறீர்கள், மாலையில் ஒன்றும் மனதில் நிற்பதில்லை. "இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையோ?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், தருமபுரியிலிருந்து தினமும் போய்வருவது சரிவருமா என்றும்.

முதல் காரியம், கோடு படிப்பதை நிறுத்துங்கள். ஒரு பக்கத்துக்கு 50 வரி என்று வைத்தால் ஒன்றரை லட்சம் வரி 3000 பக்கம். எங்கிருந்து தொடங்குவது என்றுகூடத் தெரியாத 3000 பக்கத்தைப் படித்து மனதில் வைக்க எவனாலும் ஆகாது. பதினைந்து வருடத்துக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், எனக்கும் ஆகாது. மாலையில் மனதில் ஒன்றும் நிற்காதது உங்கள் குறை இல்லை.

நான் கிருஷ்ணகிரி பக்கத்துக் காவேரிப்பட்டணத்துக்காரன், உதாரணம் மாங்காயில்தான் வரும். எங்கள் மாவட்டத்து மாங்கூழ் ஃபேக்டரிக்குள் முதல் தடவை போகிறவன் ஒவ்வொரு மெஷினாக நின்று பார்த்தால் தலைதான் சுற்றும். ஒரே ஒரு லோடு பெங்களூரா மாங்காயின் பின்னால் போகச் சொல்லுங்கள். எடை மேடையில் ஏறுகிறது, இறக்குகிறார்கள், பழுக்க வைக்கிறார்கள், கழுவுகிறார்கள், கொட்டை வேறு கூழ் வேறாகப் பிரிகிறது, சூடாக்கிக் கிருமி நீக்குகிறார்கள், பையில் அடைத்து 215 கிலோ டிரம்மாக வெளியே வருகிறது. இப்போது அவனுக்குப் பாதி ஃபேக்டரி புரிந்துவிட்டது. பாய்லர் எதற்கு என்று அவன் கேட்கவே வேண்டாம், கூழ் சூடாகிற இடத்தில் அதுவே தெரிந்துவிடும்.

உங்கள் சாஃப்ட்வேரில் அந்த லோடு ஒரு பில். ஒரு கஸ்டமர், ஒரு பொருள், ஒரு பில். அது திரையில் பிறந்து டேட்டாபேஸில் உட்கார்ந்து காகிதமாக வெளியே வருகிறவரை கூடவே போங்கள்.

அதற்கு முன் அந்த சாஃப்ட்வேர் உங்கள் மெஷினில் ஓட வேண்டும். இதற்கே இரண்டு மூன்று நாள் போகும். எந்த ஜாவா வெர்ஷன், எந்தக் கோப்பில் பாஸ்வேர்ட், எந்த ஃபோல்டர் இல்லாவிட்டால் என்ன பிழை வருகிறது என்று தடுக்குகிற ஒவ்வொரு இடத்தையும் எழுதி வையுங்கள். அந்தக் குறிப்புதான் அந்தப் புராஜெக்டின் முதல் டாக்குமெண்ட், எழுதியவர் நீங்கள். அடுத்து வருகிறவனுக்கு மூன்று நாள் மிச்சம்.

ஓட்டுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. உங்கள் மெஷின் எந்த டேட்டாபேஸைப் பார்க்கிறது, அரசுத் தளத்தில் பதிய வேண்டிய இ-இன்வாய்ஸை எந்த முகவரிக்கு அனுப்புகிறது என்று, அமைப்புகள் எழுதியிருக்கிற கான்ஃபிக் கோப்பைத் திறந்து கண்ணால் பாருங்கள். சோதனைத் தளம் வேறு, உண்மையான தளம் வேறு. "டெஸ்ட்தானே" என்று நினைத்து உண்மையான தளத்துக்கு ஒரு இன்வாய்ஸை அனுப்பிவிட்டால், 24 மணி நேரத்துக்குள்தான் அங்கே அதை ரத்து செய்ய முடியும். வெள்ளிக்கிழமை மாலை அனுப்பிவிட்டுத் திங்கட்கிழமை கண்டுபிடித்தால் அக்கவுண்ட்ஸ்காரர் முகத்தைப் பார்க்க முடியாது.

ஓடத் தொடங்கியதும் ஒரு பில் போடுங்கள். திரையில் தெரிகிற ஏதாவது ஒரு வாசகத்தை, அது ஒரு பட்டனின் பெயராக இருந்தாலும் போதும், கோடு முழுக்கத் தேடுங்கள். அந்த வாசகம் இருக்கிற கோப்பிலிருந்து சர்வருக்கு எந்த அழைப்பு போகிறது என்று பார்த்து, சர்வர் பக்கம் அதை வாங்குகிற இடத்தில் பிரேக்பாயிண்ட் (ஓட்டம் அங்கே நிற்கும்) வைத்து, கோடை நிறுத்தி நிறுத்தி ஓட்டிக் காட்டுகிற டீபக்கரில் ஒவ்வொரு அடியாக நகருங்கள். எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற வரிசையை நோட்டில் எழுதுங்கள். நோட் என்றால் காகித நோட். பத்துப் பன்னிரண்டு பெட்டி, நடுவே அம்புக்குறி, அவ்வளவுதான் படம். ஒன்றரை லட்சம் வரியில் அந்த பில் தொடுகிற வரிகளை எண்ணிப் பார்த்தால், ஆயிரத்தைத் தாண்டினாலே ஆச்சரியம்.

டேட்டாபேஸ் பக்கம் நான் இன்றுவரை செய்கிற வேலை ஒன்று உண்டு. பில் போடும் முன் டெஸ்ட் டேட்டாபேஸை ஒரு நகல், போட்ட பின் ஒரு நகல். இரண்டையும் ஒப்பிட்டால் எந்தெந்த டேபிளில் எந்தெந்த வரி புதிதாக வந்தது, எது மாறியது என்று தெரிந்துவிடும். 200 டேபிள் இருக்கிற இடத்தில் ஒரு பில் தொட்டது ஏழு டேபிள் என்று தெரிகிற நிமிடத்தில் பாதி பயம் போய்விடும். கோடு ஆயிரம் தடவை மாறியிருக்கலாம், டேபிள் அவ்வளவு சுலபமாக மாறாது. ஒரு தொழில் எப்படி நடக்கிறது என்பதை அதன் டேபிள்கள்தான் வெளிப்படையாகச் சொல்லும்.

இனி நீங்கள் கேட்டிருந்த அந்த 33. "ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு எழுத்து 33-ஆ என்று பல இடத்தில் பார்க்கிறார்கள், ஏன் என்று கோடில் எங்கேயும் இல்லை" என்றீர்கள். கோடில் இருக்காது தம்பி, அதற்கான பதில் ஓசூர் தாண்டி மாநில எல்லையில் அத்திப்பள்ளியில் இருக்கிறது. ஜி.எஸ்.டி. எண் 15 எழுத்து. முதல் இரண்டும் மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகாவுக்கு 29. ஓசூரிலிருந்து சென்னைக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் பொருள் போனாலும் அது மாநிலத்துக்குள், வரி பாதி மத்திய அரசுக்கும் பாதி மாநிலத்துக்குமாகப் பிரியும். கூப்பிடு தூரத்தில் இருக்கிற எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போனால் எல்லை தாண்டியாயிற்று, ஐ.ஜி.எஸ்.டி. என்று ஒரே வரி. அந்த 33 இதைத்தான் பார்க்கிறது. சற்றுத் தேடினால் பக்கத்திலேயே இன்னொரு விசித்திரமான நிபந்தனையும் இருக்கக்கூடும். சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் இருக்கிற கம்பெனிக்கு அனுப்பினால், மாநிலத்துக்குள்ளேயே இருந்தாலும் ஐ.ஜி.எஸ்.டி.தான். சட்டம் தெரியாமல் பார்க்கிறவனுக்கு அந்த நிபந்தனை பிழை மாதிரிதான் தெரியும். "33 என்றால் பிரிய வேண்டுமே, இங்கே பிரியவில்லையே" என்று சரியாக இருப்பதைத் திருத்தி வைப்பான்.

அப்படித் திருத்தியவன்தான் நான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். எங்கள் கம்பெனி, பெயர் வேண்டாம், ஒரு மாங்கூழ் ஃபேக்டரிக்கு எடை மேடை சாஃப்ட்வேர் செய்து கொடுத்திருந்தது. வண்டி லோடோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை எடை போடும். வித்தியாசத்தில் அழுகல் கழிவு போக மிச்சத்துக்கு அன்றைய ரேட். நல்ல சீசனில் ரேட் நாளுக்கு நாள் மாறும். என்னிடம் கொடுத்தது சின்ன வேலை, ரிப்போர்ட்டில் ஒரு நெடுவரிசை (column) சேர்க்க வேண்டும். சேர்க்கப் போன இடத்தில், ரேட் எடுக்கிற ஃபங்ஷனுக்குள் நேரத்தோடு 330-ஐக் கூட்டும் ஒரு வரி. கமெண்ட் கிடையாது. 330 எதற்கு என்று யாரிடமும் கேட்கவில்லை. அதை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன், எல்லாம் சரியாகவே வந்தது. நாலைந்து தடவை பார்த்தேன், அப்போதும் சரி. எவனோ சோதித்துப் பார்த்துவிட்டு அழிக்க மறந்திருக்கிறான் என்று முடிவு கட்டி, சுத்தம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

மூன்று நாள் கழித்து சந்தூர் பக்கத்து விவசாயி ஒருவர் சீட்டோடு ஃபேக்டரி ஆபீஸுக்கு வந்துவிட்டார். "ஏம்பா, சீட்டுல பத்தாந்தேதி போட்டிருக்கு, ரேட்டு மட்டும் ஒம்பதாந்தேதி ரேட்டு. நான் ராத்திரி ரெண்டு மணிக்கு எடை போட்டவன். பத்தாந்தேதி கிலோவுக்கு ஒரு ரூவா ஏறிப்போச்சே, அது எங்க?" அவர் லோடு ஆறு டன், ஆறாயிரம் ரூபாய்.

சர்வர் வெளிநாட்டில் இருந்தது, அதன் கடிகாரம் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் ஓடியது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். ஐந்தரை மணி நேரம் என்றால் 330 நிமிடம். அந்த வரியை எடுத்ததும், நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து காலை ஐந்தரை வரை வந்த வண்டிக்கெல்லாம் சர்வர் கணக்கில் இன்னும் முந்தின நாள்தான். சீட்டில் தேதி சரியாக இருந்ததற்குக் காரணம், அதை அச்சடித்தது எடை மேடையில் இருந்த கம்ப்யூட்டர், அதன் கடிகாரம் நம் ஊர்க் கடிகாரம். நான் சோதித்தது எல்லாம் காலை பத்து மணிக்கு மேல். பகலில் இரண்டு கடிகாரத்திலும் ஒரே தேதி, தப்பு தெரிய வழியே இல்லை.

மூன்று ராத்திரிச் சீட்டுகள், அறுபதுக்கு மேல். அக்கவுண்டண்டோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையால் சரி செய்தேன். ரேட் இறங்கிய நாளில் கூடுதலாக வாங்கியவர்களிடம் திருப்பிக் கேட்க ஃபேக்டரிக்கு வாய் வரவில்லை, அந்த நஷ்டம் எங்கள் பில்லில் கழிந்தது. எங்கள் முதலாளி திட்டவில்லை. "ஒரு ராத்திரி போய் எடை மேடையில் உட்காரு" என்றார், அவ்வளவுதான். உட்கார்ந்தேன். பகலெல்லாம் பறித்து, பொழுது சாய லோடு ஏற்றி, வெயில் இல்லாத நேரமாகக் கிளம்பி, விடியும் முன் எடை போட்டுவிட வேண்டும் என்று வரிசையில் நிற்கிற வண்டிகள். டிரைவர்கள் கீழே சாக்கு விரித்துப் படுத்திருந்தார்கள். எங்கள் சாஃப்ட்வேருக்கு உச்சகட்ட நேரம் ராத்திரி ஒரு மணி என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

ஆகவே உங்களுக்கும் அதையே சொல்கிறேன். மேனேஜரிடம் கேட்டு, ஒரு நாள் அந்தத் தொழிற்சாலையின் டெஸ்பாட்ச் செக்‌ஷனில் போய் உட்காருங்கள். பில் போடுகிற அக்கா எந்தப் பட்டனை இரண்டு தடவை அழுத்துகிறார், எதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்கிறார், எந்தத் திரையைத் திறந்ததும் டீ குடிக்கப் போய்விடுகிறார் என்று பாருங்கள். வண்டி வெளியே நிற்க, மாநில எல்லை தாண்டிப் போகிற, ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு வேண்டிய இ-வே பில் வராமல் தவிக்கிற அந்தப் பத்து நிமிடத்தை ஒரு தடவை நேரில் பார்த்தால், கோடில் அந்த இடத்தில் மட்டும் ஏன் மூன்று தடவை மறுமுயற்சி எழுதியிருக்கிறது என்பது தானாகப் புரியும்.

டென்மார்க் கணினி அறிஞர் பீட்டர் நவுர் 1985-ல் ஒரு கட்டுரையில் சொன்னது இதற்குப் பொருந்தும். புரோகிராம் என்பது கோடு மட்டும் இல்லை, அதை எழுதினவர்கள் தலைக்குள் இருக்கிற புரிதல்தான். அந்த ஆட்கள் கலைந்துவிட்டால் கோடு இருந்தும் புரோகிராம் செத்ததற்குச் சமம் என்பது அவர் வாதம். உயிர்ப்பிக்கவே முடியாது என்ற அளவுக்கு அவர் போவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் உங்கள் கையில் இருப்பது என்ன வகைச் சிக்கல் என்பதை அவரைவிடத் தெளிவாகச் சொன்னவர் இல்லை.

போனவரின் புரிதல் கொஞ்சம் மிச்சம் இருக்கிற இடம் கிட், கோடில் நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கிற கருவி. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் லினக்ஸ் வேலைக்காக எழுதிய அதே கிட்தான். எங்கள் காலத்து அந்தச் சின்ன ஆபீஸில் அதெல்லாம் இல்லை, தேதி போட்ட ஃபோல்டர்களும் ஜிப் கோப்புகளும்தான், அதனால் 330-க்குப் பூர்வீகம் தேட எனக்கு வழி இருக்கவில்லை. உங்களுக்கு இருக்கிறது. புரியாத வரியில் கிட் பிளேம் போட்டால் யார், எந்த நாள், எந்த கமிட்டில் (ஒரு தடவை பதிந்த மாற்றத்தில்) அதை எழுதினார்கள் என்று காட்டும். அந்த கமிட்டைத் திறந்து, கூடவே வேறு எந்தக் கோப்புகள் மாறின என்று பாருங்கள். பெரும்பாலும் கமிட்டில் எழுதியிருக்கிற வாசகத்தைவிட அந்தக் கோப்புப் பட்டியல்தான் காரணத்தைச் சொல்லும். யாரோ கோடை ஒழுங்காக அடுக்கி வைத்த கமிட்டில் பிளேம் முட்டி நின்றால், கிட் லாகில் பெரிய எஸ் போட்டு அந்த எண்ணைத் தேடுங்கள், அது முதன்முதலில் நுழைந்த இடம்வரை பின்னால் போகலாம். கமிட்டில் டிக்கெட் எண், அதாவது புகார் பதிவின் எண், இருந்தால் பழைய டிக்கெட்டைப் படியுங்கள். கஸ்டமர் கோபத்தில் எழுதிய டிக்கெட்டைப் போல் நல்ல டாக்குமெண்ட் கிடையாது.

பயன்படாத கோடை அழிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அழிக்கத்தான் வேண்டும், ஆனால் முதல் மூன்று மாதத்தில் நீங்கள் வேண்டாம். பழைய கோடு சும்மா கிடக்கட்டும் என்று விடுவதும் ஆபத்துதான். அமெரிக்காவில் நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தகக் கம்பெனி, 2012 ஆகஸ்ட் 1 அன்று, எட்டு சர்வரில் ஒன்றில் மட்டும் புதிய கோடு ஏறாமல் விட்டுப்போக, வருடக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்த பழைய கோடு அதில் விழித்துக்கொண்டு சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் செய்தது. அழிக்கிறவனுக்கு அது என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், உங்களுக்கு இன்னும் தெரியாது.

கேள்வி கேட்பது பற்றி. "கேட்டால் இது கூடத் தெரியாதா என்பார்களோ" என்ற பயம் எனக்கும் இருந்தது, 330-ஐக் கேட்காமல் விட்டதற்குப் பாதிக் காரணம் அதுதான். மூன்று வார ஆளிடம் எல்லாம் தெரியும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஒரு வருடம் கழித்துக் கேட்டால்தான் புருவம் உயரும், ஆகவே இப்போதே கேட்டுத் தீர்த்துவிடுங்கள். கேட்கிற விதம் ஒன்று இருக்கிறது. "பில் மாட்யூல் புரியலை சார்" என்றால் அவருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாது, எரிச்சல்தான் வரும். "சார், பில் சேவ் ஆகும்போது இந்த டேபிளில் இரண்டு வரி விழுது. ஒன்று பொருளுக்கு, இன்னொன்று என்னன்னு தேடினேன், கிடைக்கலை. வண்டி வாடகையா இருக்குமோ?" என்று கேளுங்கள். உங்கள் ஊகம் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, தப்பைத் திருத்த யாருக்கும் கை துறுதுறுக்கும். அரை மணி நேரம் தேடியும் நகரவில்லை என்றால் எழுந்து போய்க் கேளுங்கள், ஒரு நாள் முழுக்க உட்காராதீர்கள்.

தமிழ் வழியில் படித்ததை நீங்கள் இரண்டு தடவை குறிப்பிட்டதால் இதையும் சொல்கிறேன். ஓசூர் ஆபீஸில் பாதிப் பேர் தமிழ், மிச்சம் கன்னடமும் தெலுங்கும், டீக்கடையில் மூன்றும் கலந்துதான் பேச்சு. நேரில் தமிழில் கேளுங்கள். எழுத வேண்டிய இடத்தில் ஆங்கிலம், அதுவும் சின்னச் சின்ன வாக்கியமாக: என்ன செய்தேன், என்ன வந்தது, என்ன வர வேண்டும். இந்த மூன்று வரிக்கு மேல் அழகான ஆங்கிலம் எந்த டிக்கெட்டுக்கும் தேவையில்லை. கான்வென்டில் படித்தவன் நாலு பத்தி எழுதி அந்த மூன்றையும் விட்டுவிடுவதை வாரம் ஒன்று பார்க்கிறேன்.

ஏ.ஐ.யிடம் கேட்கலாமா? கம்பெனி அனுமதித்த கருவி என்றால் தாராளமாக. வெளியில் இருக்கிற எதிலும் ஆபீஸ் கோடை ஒட்டாதீர்கள். அன்றைக்கு என்னிடம் ஒன்று இருந்திருந்தால் "330 நிமிடம் இந்திய நேர வித்தியாசம்" என்று நொடியில் சொல்லியிருக்கும், மறுப்பதற்கில்லை. மாங்காய் வண்டி ராத்திரியில்தான் வரும், ரேட் நள்ளிரவில் மாறும் என்பதை அதற்கு யார் சொல்லியிருப்பார்கள்?

முதல் மாற்றம் சின்னதாக இருக்கட்டும், ஒரு எழுத்துப்பிழை, ஒரு ரிப்போர்ட் தலைப்பு. மாற்றத்தைவிட அது உங்கள் மெஷினிலிருந்து கஸ்டமர் திரைவரை போகிற பாதையைத் தெரிந்துகொள்வதுதான் அதில் லாபம். கணக்கு வருகிற எந்த இடத்தையும் தொடும் முன், இப்போது அது என்ன விடை தருகிறது என்பதை அப்படியே பிடித்து வைக்கிற டெஸ்ட் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். விடை சரியா தப்பா என்று அந்த டெஸ்ட் தீர்ப்பு சொல்ல வேண்டாம். சென்னைக்கு ஒன்று, பெங்களூருக்கு ஒன்று, சிறப்பு மண்டலத்துக்கு ஒன்று, ராத்திரி இரண்டு மணிக்கு ஒன்று என்று பில் போட்டு வந்த தொகையை எழுதி வையுங்கள், மாற்றிய பிறகும் அதே தொகை வருகிறதா என்று பாருங்கள்.

எத்தனை நாளில் பிடிபடும் என்று மேனேஜர் கேட்டால் ஒரு தேதியை உளறிவிடாதீர்கள். "முதல் வாரம் ஒரு பில்லை முழுசாகப் பின்தொடர்கிறேன், வெள்ளிக்கிழமை படம் போட்டுக் காட்டுகிறேன், அடுத்து ரிட்டர்ன் வருகிற சரக்கு" என்று சொல்லுங்கள். ஒவ்வொரு வெள்ளியும் காட்ட ஒரு தாள் கையில் இருந்தால் யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். அந்தப் படத்தில் எங்கே தப்பு என்று பழைய ஆட்கள் சொல்லத் தொடங்கினால், போனவரின் தலைக்குள் இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் நோட்டுக்கு வரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். முடிந்தால் போனவருக்கே ஒரு மெசேஜ் போடுங்கள். மேனேஜரிடம் சொல்லிவிட்டு, இரண்டே இரண்டு கேள்வி, நன்கு யோசித்த கேள்வியாக. தான் எழுதிய கோடைப் பற்றி ஒருவன் அக்கறையாகக் கேட்டால் பதில் சொல்லாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

தினமும் போய்வருவது பற்றி. தருமபுரியிலிருந்து ஓசூருக்கு ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு, எங்கள் கிருஷ்ணகிரி ஊருக்கு இன்னும் ரயிலே இல்லை, அந்த வகையில் நீங்கள் கொடுத்து வைத்தவர். ஆனால் பென்னாகரத்திலிருந்து தருமபுரி வந்து, அங்கிருந்து ஓசூர் என்றால் ஒரு வழிக்கே மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. முதல் ஆறு மாதம் ஓசூரிலேயே இரண்டு பேரோடு ஒரு ரூம் எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஆபீஸ் அமைதியாகும்போதுதான் சீனியர்களுக்குப் பேச நேரம் இருக்கும், அந்த நேரத்தில் நீங்கள் பஸ் ஸ்டாண்டில் நிற்கக்கூடாது. சனிக்கிழமை ஊருக்குப் போய்க்கொள்ளலாம்.